குழாய்க்கு முத்திரை உண்டு, இணைப்புக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கியதும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களில் குடிநீர்த் தட்டுப்பாட்டுச் செய்திகள் நிறைந்துவிடுகின்றன. ஏரி வறண்டது, ஆழ்துளைக் கிணறு வற்றியது, காலிக் குடங்களுடன் பெண்கள் சாலை மறியல் செய்தனர் என்று வரும் அச்செய்திகளில், மேல்நிலைத் தொட்டியில் ஏறிய தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வந்து சேர்வதற்குள் வழியில் எங்கே போகிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஊரகக் குடிநீர்ப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பகுதியையாவது தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். மண்ணுக்கடியில் புதைக்கப்படும் கம்ப்ரஷன் ஃபிட்டிங் எனும் சிறு பிளாஸ்டிக் இணைப்பைப் பற்றியது அது.

நான் வசிக்கும் தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறையும், முதுமையில் முட்டி மடங்காத துன்பமும் இங்கே தலைமுறைகளாகத் தொடர்ந்தவை. அதற்கு மாற்றாகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு, காவிரி நீர் மின்மோட்டார்களால் மேடேற்றப்பட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வருகிறது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஊரகப் பகுதிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய் இணைப்பும், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரும் என்ற இலக்கை வைத்தது. இவ்வளவு செலவும் உழைப்பும் செய்து கொண்டுவரப்படும் தண்ணீர், கடைசி இருபது மீட்டரில் ஒரு ரப்பர் வளையத்தின் நேர்த்தியை நம்பித்தான் வீட்டுக்குள் வருகிறது.

ஒரு வீட்டு இணைப்பை எடுத்துக்கொள்வோம். தெருவில் 63 அல்லது 90 மில்லிமீட்டர் எச்டிபிஇ (உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன்) எனும் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. அதன் மேல் சேடில் எனும் பிடியைப் பூட்டித் துளையிட்டு, அங்கிருந்து 20 அல்லது 25 மில்லிமீட்டர் சிறு குழாயை வீட்டு வாசல் வரை இழுக்கிறார்கள். சேடிலில் ஒன்று, திருப்பத்தில் எல்போ எனும் வளைவு இணைப்பு ஒன்று, குழாய் மேலேறும் இடத்தில் இன்னொன்று, குழாயடியில் திருகு உள்ள அடாப்டர் ஒன்று என்று குறைந்தது மூன்று நான்கு இணைப்புகள் வந்துவிடும். 300 வீடுகள் உள்ள சிற்றூரில் இவை ஆயிரத்தைத் தாண்டும். குழாயில் ஐஎஸ் 4984 என்ற தர எண்ணும், ஐஎஸ்ஐ முத்திரையும், அழுத்த வகையும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துத்தான் பட்டியல் தொகை வழங்குகிறார்கள். ஆனால் இந்த ஆயிரம் இணைப்புகள் எந்தக் கடையிலிருந்து, எந்த விலைக்கு, எந்தத் தரத்தில் வந்தன என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. மதிப்பீட்டில் அவை "இதர உதிரிப் பொருட்கள்" என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

எச்டிபிஇ குழாயைப் பசை போட்டு ஒட்ட முடியாது. பிவிசிக்கு நாம் பூசும் சால்வென்ட் சிமெண்ட் இதன் மேல் பிடிக்காது. காய்ந்ததும் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வந்துவிடும். பெரிய குழாய்களை இயந்திரத்தில் சூடேற்றி உருக்கி இணைக்கலாம். வீட்டு வாசலில் 25 மில்லிமீட்டர் குழாய்க்கு அந்த இயந்திரத்தைக் கொண்டுவருவது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதால்தான் கம்ப்ரஷன் ஃபிட்டிங் தேவைப்படுகிறது. அதையும் வாங்க மனமில்லாத இடங்களில், குழாயின் முனையைத் தீயில் காட்டி இளக்கி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள் எனும் சிறு திருகுக் குழாய்த் துண்டின் மேல் சொருகிக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அது சில மாதங்கள் தாங்கும். பிறகு கசியும். கசிந்தால் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவார்கள்.

இந்த ஃபிட்டிங் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான் தவறு எங்கே நேர்கிறது என்பது புரியும். அதன் உடலுக்குள் ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கிறது. அதை அதன் இடத்தில் நிறுத்தும் புஷ் எனும் சிறு பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கிறது. அதற்கு வெளியே, உட்புறம் பற்கள் கொண்ட, ஒரு பக்கம் பிளவுபட்ட கிரிப் ரிங் இருக்கிறது. எல்லாவற்றையும் மூடிப் பிடிக்கும் நட் மேலே வருகிறது. நட்டை இறுக்கும்போது கிரிப் ரிங் சுருங்கி, அதன் பற்கள் குழாயைக் கவ்விப் பிடிக்கின்றன. ஆனால் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது அந்தப் பற்கள் அல்ல. குழாயின் வெளிப்பரப்பை அணைத்து நிற்கும் ஓ-ரிங்தான். குழாய் நழுவாமல் பிடிப்பது ஒரு வேலை, நீர் கசியாமல் அடைப்பது வேறொரு வேலை. இரண்டையும் இரண்டு வெவ்வேறு பாகங்கள் செய்கின்றன.

நம் பிளம்பர்களில் பலர் தொழில் பழகியது ஜிஐ குழாயிலும் பித்தளையிலும். செம்புக் குழாய்க்கான பித்தளை ஃபிட்டிங்கில் பிடிப்பதையும் அடைப்பதையும் ஒரே பித்தளை வளையமே செய்வதால், கசிந்தால் ஸ்பேனரால் இன்னும் கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். ஜிஐ திருகிலும் சணலும் வெள்ளை லெட்டும் சுற்றி மேலும் ஒரு பிடி இறுக்குவார்கள். அந்தக் கை அதே பழக்கத்தோடு பிளாஸ்டிக் ஃபிட்டிங்குக்கு வருகிறது. இங்கே ஓ-ரிங் வெட்டுப்பட்டிருந்தால் நட்டை எவ்வளவு முறுக்கினாலும் கசிவு நிற்காது. நட்தான் பிளக்கும், அல்லது புரி தேயும். தொழிலாளியின் திறமைக் குறைவு என்று இதைச் சொல்லிவிட முடியாது. பொருள் மாறியபோது அதைக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் கற்றுக்கொடுக்கவில்லை.

ஓய்வுபெற்ற பின், எங்கள் பகுதியில் ஓர் ஊரில், சிமெண்ட் சாலை ஓரம் எப்போதும் ஈரமாகவே இருப்பதைக் கண்டு ஊர்க்காரர்கள் என்னை அழைத்தார்கள். தோண்டிப் பார்த்தபோது, இரு குழாய்த் துண்டுகளை இணைக்கும் ஒரு 25 மில்லிமீட்டர் கப்ளர் கிடைத்தது. நட்டின் மேல் பைப் ரெஞ்ச் பதிந்த தழும்புகள் வரிசையாக இருந்தன. கழற்றிப் பார்த்தால், குழாயின் முனை ஹேக்ஸா பிளேடால் சாய்வாக அறுக்கப்பட்டு, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட விரற்கடை குட்டையாக இருந்தது. அறுத்த பிசிறு அப்படியே இருந்தது. ஓ-ரிங்கின் உள்விளிம்பிலிருந்து நூல் போல ஒரு இழை சீவப்பட்டுத் தொங்கியது. கசிவை நிறுத்த யாரோ குழாயைச் சுற்றிலும், கிரிப் ரிங்குக்கு அடியிலேயே, டெஃப்லான் டேப்பைச் சுற்றியிருந்தார்கள். அதனால் பற்கள் குழாயைக் கவ்வவே இல்லை. ஓ-ரிங் இருந்த பள்ளத்தில் ஆற்று மணல் பொடியாக ஒட்டியிருந்தது. கெட்ட பொருள் என்று அதைச் சொல்ல முடியாது. குழாய் முறையான முத்திரை கொண்டது, கப்ளரும் சுமாரான தரத்தில் இருந்தது. அந்த இணைப்பைக் கெடுத்தது, குழாயை வெட்டிச் சொருகிய விதம் மட்டுமே.

தேர்வு செய்வதிலும் குழப்பம் மிகுதி. எச்டிபிஇ குழாயின் அளவு என்பது அதன் வெளிவிட்டம். 25 என்று அச்சிட்டிருந்தால் வெளியே அளந்தால் 25 மில்லிமீட்டர் இருக்கும். 6 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தக் குழாயானாலும் 10 கிலோ குழாயானாலும் வெளிவிட்டம் ஒன்றே; சுவரின் தடிமன் உள்பக்கமாகவே கூடும் என்பதால் ஒரே ஃபிட்டிங் இரண்டுக்கும் பொருந்தும். கடைகளில் "முக்கால் இஞ்ச்" என்று கேட்டு வாங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பிளம்பிங் வகை யுபிவிசி குழாயில் முக்கால் இஞ்ச் என்பது வெளியே ஏறத்தாழ 26.7 மில்லிமீட்டர், அதே முக்கால் இஞ்ச் சிபிவிசியில் 22.2 மில்லிமீட்டர்தான், ஒரு இஞ்ச் ஜிஐ குழாயோ 33 மில்லிமீட்டரைத் தாண்டும். பெயரில் ஒன்றுபோலத் தோன்றும் இவற்றில் எதுவும் 25 மில்லிமீட்டர் கம்ப்ரஷன் ஃபிட்டிங்கில் சரியாக உட்காராது. சிறியது தளர்ந்து கசியும், பெரியதை அடித்துச் சொருகினால் ஓ-ரிங் பிதுங்கும். குழாயின் ஒரு துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்வதே நான் எப்போதும் சொல்லும் வழி. அதோடு, முத்திரையில்லாத மலிவுக் கருப்பு ஹோஸ்கள் ஒரே சுருளிலேயே ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் இளைத்தும் இருக்கும் என்பதால், எவ்வளவு நல்ல ஃபிட்டிங்கைப் போட்டாலும் அவற்றில் நிற்காது.

திருகு உள்ள அடாப்டர்களில் இன்னொரு கவனம் தேவை. பிளாஸ்டிக்கில் உள்திருகு கொண்ட அடாப்டருக்குள் ஜிஐ நிப்பிளை முறுக்கினால், ஆப்பு அடித்தது போல அது பிளாஸ்டிக்கை உள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் பிளவு இன்னும் விரைவில் வரும். கூடுமான இடங்களில் வெளித்திருகு கொண்ட பிளாஸ்டிக் அடாப்டரை உலோக உள்திருகுக்குள் செலுத்துவது நல்லது. உள்திருகு தவிர்க்க முடியாததானால், வாய்ப்புறத்தில் எவர்சில்வர் வளையம் பூட்டிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். டெஃப்லான் டேப் இந்தத் திருகுகளுக்கு மட்டுமே உரியது. கம்ப்ரஷன் நட்டின் புரியில் அதற்கு வேலையே இல்லை.

பொருத்தும் முறை கடினமானதன்று. பைப் கட்டரால் குழாயை நேர்க்கோணமாக வெட்டி, வெளிவிளிம்பைச் சற்றுச் சரிவாகச் சீவிவிட வேண்டும். ஓ-ரிங்கைக் கடக்கும்போது அதை வெட்டுவது இந்தக் கூர்விளிம்புதான் என்பதால், எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்கலாகாது. ஃபிட்டிங்கைக் குழாயின் பக்கத்தில் வைத்து, எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று மார்க்கரால் கோடு போட வேண்டும். கிரிப் ரிங்கில் ஒரு தடை, ஓ-ரிங்கில் மறு தடை என்று வருவதால், முதல் தடையிலேயே குழாய் உட்கார்ந்துவிட்டதாக நினைத்து நட்டை இறுக்குவது மிகப் பரவலான தவறு. அந்தக் கோடு நட்டின் விளிம்பைத் தொட்டால்தான் குழாய் முழுவதும் சென்றதாகப் பொருள். வழுக்குவதற்குச் சோப்பு நீர் போதும். வண்டிக்குப் போடும் கிரீஸும் எண்ணெயும் ரப்பரைக் கெடுக்கக்கூடியவை, குடிநீரில் கலக்கவும் கூடாதவை. நட்டை முழுவதும் கழற்ற வேண்டியதில்லை, சில சுற்றுகள் தளர்த்தினால் போதும். பிறகு கையால் இறுக்கி, பட்டையால் சுற்றிப் பிடிக்கும் பட்டை ரெஞ்சால் தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு முடிக்க வேண்டும். நட் உடலைத் தொட வேண்டுமா, இடைவெளி இருக்க வேண்டுமா என்பது ஒவ்வொரு வகைக்கும் மாறும். அது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கிறது. அந்தத் தாள் தமிழில் இருப்பதை நான் கண்டதில்லை.

குழாயின் மேல்பரப்பையும் பார்க்க வேண்டும். சுருளைச் சாலையில் இழுத்துச் செல்லும்போது நீளவாக்கில் விழும் கீறல், ஓ-ரிங்குக்கு அடியில் ஒரு சிறு வாய்க்காலாகிவிடும். அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. சுருளின் முனை நீள்வட்டமாக நசுங்கியிருந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. எச்டிபிஇ குழாய் சூட்டில் நீளும், குளிர்ந்தால் சுருங்கும்; மீட்டருக்கு, ஒரு பாகை செல்சியஸுக்கு, 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை. சித்திரை வெயிலில் கிடந்து கொதிக்கும் கருப்புக் குழாயை நண்பகலில் இழுத்துக்கட்டி இருமுனையும் பூட்டி மண்ணைத் தள்ளினால், உள்ளே தண்ணீர் ஓடிச் சூடு 30 பாகை குறையும்போது 20 மீட்டர் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கும். 25 மில்லிமீட்டர் குழாயில் ஒரு கிலோ நீரழுத்தம் இணைப்பை வெளியே தள்ளும் விசை 5 கிலோ அளவுதான்; சுருங்கும் குழாய் இழுக்கும் விசை அதைவிடப் பன்மடங்கு. "நேற்று நன்றாக இருந்தது, இன்று காலையில் கழன்றுவிட்டது" என்று வரும் புகார்களில் பலவற்றின் காரணம் இதுவே. குழாயைப் பள்ளத்தில் சற்று வளைந்து வளைந்து போகவிட்டு, மாலையில் சூடு தணிந்தபின் கடைசி இணைப்பைப் பூட்டினால் இச்சிக்கல் எழாது. விவசாயிகளின் மோட்டார் குழாய்களில் கதை வேறு: 63 மில்லிமீட்டர் குழாயில் 6 கிலோ அழுத்தம் வந்தால் முனையில் ஏறத்தாழ 187 கிலோ விசை விழும் என்பதால், அங்கே அழுத்தமே முதன்மையான எதிரி, வளைவுகளில் தாங்கு கட்டை இல்லாமல் விடக்கூடாது.

கசிவு எவ்வளவு இழப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 10 மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்தில் 2 மில்லிமீட்டர் ஓட்டை வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.6 லிட்டர் வெளியேறும். நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே தண்ணீர் விட்டாலும் 190 லிட்டருக்கு மேல் வரும். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அரசு வகுத்த பங்கே 220 லிட்டர்தான்.

இழப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மற்றொன்று. நம் ஊர்களில் தண்ணீர் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவதில்லை. வால்வை மூடியதும் குழாய் காலியாகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் இறங்கும்போது மேட்டுப் பகுதியில் உறிஞ்சும் நிலை உண்டாகிறது. அதோடு, தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுக்கும் வீடுகளும் இல்லாத ஊர் இல்லை. வெளியே நீரைக் கசியவிட்ட அதே ஓட்டை, அப்போது சாக்கடை ஓரத்து ஈர மண்ணிலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆகவேதான் பாலிஎத்திலீன் குழாய் இணைப்புகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 17885 (முன்பு ஐஎஸ்ஓ 14236), உள்ளழுத்தத்தைத் தாங்குகிறதா என்பதோடு நில்லாமல், வெற்றிட நிலையில் காற்று உள்ளே புகாமல் இருக்கிறதா, இழுத்தால் கழலாமல் நிற்கிறதா என்றும் சோதிக்கச் சொல்கிறது. வாசலில் பூட்ட நாம் வாங்கும் இணைப்பு இந்தச் சோதனைகளைக் கடந்ததா என்பதை அறிய, விற்பவரிடம் சோதனைச் சான்றைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டால் சிரிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் வாங்காமல் இருக்கலாம்.

எனவே தங்கள் நாளிதழ் வாயிலாக, இப்பணிகளுக்குப் பொறுப்பானவர்களிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டு இணைப்பு மதிப்பீடுகளில் கம்ப்ரஷன் ஃபிட்டிங்குகளைத் தனி இனமாக, அளவும் அழுத்த வகையும் தரமும் குறித்து எழுத வேண்டும். "இதர உதிரி" என்ற வரி இருக்கும் வரை ஒப்பந்ததாரர் மிகக் குறைந்த விலைக்கே வாங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்ததாக, பள்ளத்தை மூடுமுன் தண்ணீர் விட்டு, குழாயை அடைத்து அழுத்தத்தில் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துப் பார்த்த பிறகே மண் தள்ள வேண்டும் என்பதை எழுத்துப்பூர்வமான நிபந்தனையாக்க வேண்டும். இன்று பல இடங்களில் காலையில் தோண்டி, மதியம் பூட்டி, மாலையில் மூடிவிட்டு, மறுவாரம்தான் தண்ணீர் விடுகிறார்கள். அதற்குள் மேலே சிமெண்டும் போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு: தண்ணீர் வந்து இணைப்பைக் கண்ணால் பார்க்காமல் வாசல் பள்ளத்தை மூட அனுமதிக்க வேண்டாம்.

ஊராட்சித் தொட்டி இயக்குபவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி போதும். கசிவு என்று முதலில் ஓடுவது அவர்கள்தான். ஆனால் அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு பைப் ரெஞ்சும் ஒரு ஹேக்ஸாவும் மட்டுமே. ஒரு பைப் கட்டர், விளிம்பு சீவும் கருவி, பட்டை ரெஞ்ச், அந்த ஊரில் உள்ள அளவுகளுக்கான ஓ-ரிங்குகள் ஒரு பொட்டலம், மாற்றுக் கப்ளர்கள் சில, இவற்றை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டியில் வைத்து, எடுப்பதையும் வைப்பதையும் குறிக்க ஒரு பதிவேடும் வைக்கலாம். கழற்றிய இணைப்பை மீண்டும் பூட்டும்போது பழைய ஓ-ரிங்கையே போடும் வழக்கம் அந்தப் பெட்டி இருந்தால் தானே நின்றுவிடும். இதற்கான செலவு, ஒரே ஒரு முறை சிமெண்ட் சாலையை உடைத்து மீண்டும் போடுவதற்கு ஆகும் செலவைவிட நிச்சயம் குறைவாகவே இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர்ப் பணி மேற்பார்வையாளர்,
தருமபுரி மாவட்டம்.